உறங்கும் காவலரை எழுப்பும் மருந்துகள்: புற்றுநோய் ஆய்வில் நம்பிக்கையும் நிதானமும்

புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி ஆண்டுக்குப் பல தடவைகள் எம்மை வந்தடைகின்றது. சில நாட்களுக்கு அது பேசப்படுகின்றது. பின்னர் அதுபற்றி எவரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. இதனால் ஒருசாரார் எல்லாம் வெறும் விளம்பரமே என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் கண்ணெதிரே உள்ள சிகிச்சையைக் கைவிட்டு வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்ட மருந்துக்காகக் காணியையும் நகையையும் விற்கத் துணிகின்றனர். இவ்விரண்டு நிலைகளுமே ஆபத்தானவை. உண்மை நிலை என்ன என்பதைப் பொறுமையாக அறிந்துகொள்வதே இவற்றிலிருந்து தப்புவதற்கான வழியாகும்.

அந்த நோக்கிலேயே, கடந்த பதினைந்து ஆண்டுகளாக உலகின் முன்னணி ஆய்வுகூடங்கள் பெரும் பணத்தையும் உழைப்பையும் கொட்டிவரும் ஒரு துறையை இங்கு ஆராய விரும்புகின்றோம். உடலின் பிறவி நோயெதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடக்கூடிய சிறு மூலக்கூறு மருந்துகளை வடிவமைக்கும் முயற்சியே அதுவாகும்.

இரு அடுக்குப் பாதுகாப்பு

எமது உடலின் பாதுகாப்பு இரண்டு அடுக்குகளைக் கொண்டது. கிருமி ஒன்று நுழைந்த சில மணித்தியாலங்களுக்குள்ளேயே அதனை அடையாளம் கண்டு கூச்சலிடுவது பிறவி நோயெதிர்ப்பு. அக்கூச்சலைக் கேட்டு, குறித்த எதிரியை மட்டும் தேடிச்சென்று அழிப்பதற்கெனப் பயிற்றப்பட்டு வருவது ஈட்டிய நோயெதிர்ப்பு. ரி கலங்களும் பிறபொருளெதிரிகளும் இந்த இரண்டாவது அடுக்கைச் சேர்ந்தவை. ஊர்க்காவலர் குரல் கொடுக்காவிட்டால் படை முகாமை விட்டுப் புறப்படாது. அதுபோலவே பிறவி நோயெதிர்ப்பு விழித்தெழாவிடின் ரி கலங்களும் களத்துக்கு வருவதில்லை.

புற்றுநோய்க் கலங்கள் வெளியிலிருந்து வந்தவை அல்ல. அவை எமது சொந்தக் கலங்களே. எனவே அவற்றைக் கண்டு காவலர் குரல் கொடுக்காமல் இருந்துவிடுவது பல வேளைகளில் நிகழ்கின்றது. இக்காவலரைத் தட்டியெழுப்பினால் என்ன என்ற கேள்வி புதியதல்ல. நியூயோர்க்கைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் கோலி, கடுமையான பற்றீரியாத் தொற்றுக்கு உள்ளான ஒரு நோயாளியின் கட்டி மறைந்துபோன பழைய பதிவொன்றைக் கண்டு, 1891ஆம் ஆண்டில் தமது நோயாளிகளுக்குப் பற்றீரியாக்களை ஏற்றிப் பார்த்தார். சிலர் குணமடைந்தனர். பலர் குணமடையவில்லை. ஏன் என்பதை அவரால் விளக்க முடியவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சையும் பின்னர் இரசாயன மருந்துகளும் வந்தபோது அவரது முறை கைவிடப்பட்டது.

ஆனால் அவரது எண்ணம் முற்றாக மறையவில்லை. எமது நாட்டில் குழந்தை பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகக் கையில் ஏற்றப்படும் பி.சி.ஜி. தடுப்பு மருந்தை யாவரும் அறிவர். அதே பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, அங்கு மேலோட்டமாக உள்ள புற்றுநோய் மீண்டும் தலைதூக்காமல் தடுக்கலாம் என்பதை அல்வாரோ மொராலஸ் என்ற மருத்துவர் 1976ஆம் ஆண்டில் வெளியிட்டார். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு அங்கீகாரம் பெற்ற இச்சிகிச்சை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகின்றது. பிறவி நோயெதிர்ப்பைத் தூண்டிப் புற்றுநோயை அடக்க முடியும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

சிறு மூலக்கூறு என்ற வகையில் முதலில் வெற்றிகண்டது இமிகுவிமொட் என்ற பூச்சு மருந்தாகும். 1997ஆம் ஆண்டில் ஒருவகைப் பாலுண்ணிக்கென அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட இக்களிம்பு, 2004ஆம் ஆண்டில் தோலின் மேற்பரப்பில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்கும் அங்கீகாரம் பெற்றது. இது எவ்வாறு வேலை செய்கின்றது என்பது 2002ஆம் ஆண்டில்தான் தெளிவாகத் தெரியவந்தது. வைரசுகளை உணர்ந்துகொள்ளும் ஓர் ஏற்பியைத் தொட்டு, வைரசு வந்துவிட்டது என்று கலத்தை நம்பவைப்பதே அதன் செயற்பாடாகும். இத்தகைய ஏற்பிகள் பற்றிய ஆய்வுக்காகவே 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி புரூஸ் பொய்ட்லருக்கும் ஜூல்ஸ் ஹொப்மனுக்கும் வழங்கப்பட்டது.

குளிர்ந்த கட்டிகளின் பிரச்சினை

2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹொஞ்சோவுக்கும் கிடைத்தது. ரி கலங்களுக்குப் போடப்பட்டுள்ள தடைகளை அகற்றினால் அவை புற்றுநோயை அழிக்கும் என்பதை இவர்கள் காட்டினர். இவர்களது கண்டுபிடிப்பிலிருந்து உருவான பிறபொருளெதிரி மருந்துகள் 2011ஆம் ஆண்டிலிருந்து பயன்பாட்டுக்கு வந்து, சில வகைப் புற்றுநோய்களின் வரலாற்றையே மாற்றியமைத்தன. முன்னர் சில மாதங்களே வாழ்ந்த நோயாளிகள் சிலர் பல ஆண்டுகள் வாழ்கின்றனர்.

எனினும் இம்மருந்துகள் எல்லோருக்கும் பலன் தருவதில்லை. பெரும்பாலான நோயாளிகளின் கட்டிகளுக்குள் ரி கலங்கள் போதியளவில் இருப்பதில்லை. இத்தகைய கட்டிகளை மருத்துவர்கள் குளிர்ந்த கட்டிகள் என்று அழைக்கின்றனர். வராத படைக்குப் போடப்பட்ட தடையை அகற்றி என்ன பயன்? முதலில் காவலர் குரல் கொடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பிறவி நோயெதிர்ப்பு மீண்டும் அறிஞர்களின் கவனத்தைப் பெறுகின்றது.

டி.என்.ஏ. என்பது கலத்தின் கருவுக்குள் இருக்க வேண்டிய பொருள். அது கருவுக்கு வெளியே காணப்படுமாயின் ஒன்றில் வைரசு நுழைந்திருக்க வேண்டும், அல்லது கலம் சிதைந்திருக்க வேண்டும். இந்த அபாயத்தை உணர்ந்து கூச்சலிடும் ஸ்டிங் என்ற புரதத்தை 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளென் பாபரின் குழுவினர் உட்படச் சில ஆய்வுகூடங்கள் இனங்கண்டன. வெளியே கிடக்கும் டி.என்.ஏ.யைத் தொட்டறிந்து, ஸ்டிங்குக்குத் தகவல் அனுப்பும் ஒரு சிறிய தூது மூலக்கூறை உற்பத்தி செய்யும் நொதியத்தை டெக்ஸாஸைச் சேர்ந்த ஷிஜியன் சென் குழுவினர் கண்டறிந்து, 2013ஆம் ஆண்டளவில் வெளியிட்டனர். இதற்காக சென்னுக்கு 2024ஆம் ஆண்டில் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. 2014ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தோமஸ் கஜெவ்ஸ்கி குழுவினர், ஸ்டிங் இல்லாத எலிகளின் உடல் கட்டிகளுக்கு எதிராக முறையாகக் கிளர்ந்தெழுவதில்லை என்று காட்டினர். அவ்வாறாயின் ஸ்டிங்கைத் தூண்டும் மருந்தொன்றை உருவாக்கினால் குளிர்ந்த கட்டியைச் சூடாக்கிவிடலாம் அல்லவா? இந்தக் கேள்வியே ஒரு பெரும் ஆய்வுப் போட்டியைத் தொடக்கிவைத்தது.

ஒக்லாந்து தந்த பாடம்

இப்போட்டி தொடங்குவதற்கு முன்னரே அதற்கான பாடம் எழுதப்பட்டிருந்தது என்பதே இங்கு வியப்புக்குரியது. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் உள்ள புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் புரூஸ் பக்லி, வில்லியம் டெனி முதலியோர் உருவாக்கிய டி.எம்.எக்ஸ்.ஏ.ஏ. என்ற சிறு மூலக்கூறு, எலிகளில் கட்டிகளை வியக்கத்தக்க வகையில் அழித்தது. கட்டிக்குள் செல்லும் இரத்தக் குழாய்களை அது சிதைக்கின்றது என்று கருதப்பட்டது. பன்னாட்டு மருந்துக் கம்பனியான நொவார்ட்டிஸ் அதன் உரிமையைப் பெற்று, நுரையீரல் புற்றுநோய் கொண்ட சுமார் 1,300 நோயாளிகளிடம் இறுதிக்கட்டப் பரிசோதனையை நடத்தியது. 2010ஆம் ஆண்டில் இடைக்கால முடிவுகள் ஆராயப்பட்டபோது அம்மருந்தினால் எவ்விதப் பயனும் இல்லை எனக் கண்டு பரிசோதனை நிறுத்தப்பட்டது.

ஏன் இவ்வாறு நேர்ந்தது என்பதற்கான விடை மூன்று ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. அம்மருந்து எலியின் உடலில் ஸ்டிங் புரதத்துடன் நேரடியாக இணைந்தே வேலை செய்திருக்கின்றது. ஆனால் மனிதனின் ஸ்டிங் புரதம் எலியினதைப் போன்றே இருந்தபோதிலும், சில இடங்களில் அதன் அமினோ அமிலங்கள் வேறுபடுகின்றன. அச்சிறு வேறுபாட்டின் காரணமாக மருந்து மனிதனின் புரதத்தில் பொருந்தவே இல்லை. ஒரு பூட்டுக்குச் செய்த திறப்பை வேறொரு பூட்டில் நுழைக்க முயன்ற கதையே இது. மருந்து எதனைத் தொடுகின்றது என்பதை அறியாமலேயே அது நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றது. இதற்காக அந்த ஆய்வாளர்களைக் குறைகூற முடியாது. அவர்கள் மருந்தை உருவாக்கிய காலத்தில் ஸ்டிங் என்ற புரதம் இருப்பதே எவருக்கும் தெரியாது. ஆயினும் எலியில் வெற்றி என்ற செய்தியைப் படிக்கும் ஒவ்வொருவரும் இக்கதையை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இப்பாடத்தைக் கற்றபின் வந்த மருந்துகள் மனித ஸ்டிங்கை மனத்திற்கொண்டே வடிவமைக்கப்பட்டன. உடல் தானே உற்பத்தி செய்யும் தூது மூலக்கூறைப் பின்பற்றிச் செய்யப்பட்ட முதல் தலைமுறை மருந்துகள் 2016ஆம் ஆண்டிலிருந்து மனிதரில் பரிசோதிக்கப்பட்டன. அவை மின்னேற்றம் கொண்டவையாதலால் கல மென்சவ்வை இலகுவில் கடக்கமாட்டா. இரத்தத்தில் நெடுநேரம் நிலைத்திருப்பதுமில்லை. எனவே ஊசி மூலம் கட்டிக்குள்ளேயே அவற்றைச் செலுத்த வேண்டியிருந்தது. முடிவுகள் ஏமாற்றமளித்தன. கட்டி சுருங்கிய நோயாளிகள் மிகச் சிலரே. 2019ஆம் ஆண்டின் இறுதியில் நொவார்ட்டிஸ் தனது கூட்டு முயற்சியிலிருந்து விலகிக்கொண்டது.

எனினும் முயற்சி நின்றுவிடவில்லை. 2018ஆம் ஆண்டில் கிளாக்ஸோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இரு சிறு மூலக்கூறுகளை ஒன்றாக இணைத்து, நாளத்தினூடாகச் செலுத்தக்கூடிய மருந்தொன்றை வெளியிட்டனர். 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் முக்கியமான அறிவிப்புகளைச் செய்தன. அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் மேர்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட சேர்வைகளைச் சலித்துத் தேர்ந்தெடுத்த எம்.எஸ்.ஏ.-2 என்பதாகும். மற்றையது கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையம் உருவாக்கிய எஸ்.ஆர்.-717 ஆகும். எம்.எஸ்.ஏ.-2 வாயினூடாகக் கொடுக்கக்கூடியது. கட்டிகளின் உட்புறம் ஆரோக்கியமான இழையங்களை விட அமிலத்தன்மை கூடியது. அத்தகைய சூழலில் இம்மூலக்கூறு கலங்களுக்குள் அதிகமாக நுழைகின்றது. அங்கு இரண்டிரண்டாகச் சேர்ந்தே ஸ்டிங்குடன் இணைகின்றது. இதனால் கட்டி இருக்கும் இடத்தில் கூடுதலாகவும் ஏனைய இடங்களில் குறைவாகவும் அது செயற்படுகின்றது. இப்பலன்கள் எலிகளில் காணப்பட்டவை என்பதையும் இங்கு மறந்துவிடலாகாது. இதனை எழுதும் வரை ஸ்டிங்கை இலக்காகக் கொண்ட புற்றுநோய் மருந்து எதுவும் பொதுப் பாவனைக்கு அங்கீகாரம் பெறவில்லை.

இருபுறமும் கூரான கத்தி

தாமதத்துக்குக் காரணம் உண்டு. காவலர் கூச்சலிடாவிட்டால் திருடன் தப்பிவிடுவான். ஆனால் ஓயாமல் கூச்சலிட்டுக்கொண்டே இருந்தால் ஊரே நிம்மதியிழந்துவிடும். ஸ்டிங் புரதம் பிறப்பிலேயே பழுதுற்று எப்பொழுதும் விழித்திருக்கும் நிலையிலுள்ள குழந்தைகளின் இரத்தக் குழாய்களும் நுரையீரலும் கடுமையான அழற்சியால் பாதிக்கப்படுகின்றன என்பது 2014ஆம் ஆண்டில் மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது. மேலும், அளவுக்கு மீறிய தூண்டுதல் எந்த ரி கலங்களை நாம் களத்துக்கு அழைக்கின்றோமோ அதே கலங்களையே கொன்றுவிடக்கூடும். 2023ஆம் ஆண்டில் ஸ்டிங் தூண்டியைப் பிறபொருளெதிரியுடன் இணைத்துச் செய்யப்பட்ட ஒரு மருந்தின் ஆரம்பக்கட்டப் பரிசோதனை, ஒரு நோயாளி உயிரிழந்ததையடுத்துச் சில மாதங்கள் இடைநிறுத்தப்பட்டது. எவ்வளவு, எங்கே, எவ்வளவு நேரத்துக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் சரியான விடை காண்பதே மருந்து வடிவமைப்பாளரின் முன்னுள்ள சவாலாகும்.

மற்றொரு விடயம் எம்மைப் போன்ற நாடுகளின் மக்கள் விசேடமாகக் கவனிக்க வேண்டியது. மனிதர் எல்லோரிடமும் ஸ்டிங் புரதம் ஒரே வடிவில் இல்லை. அதன் பரம்பரை அலகில் பல மாற்று வடிவங்கள் உள்ளன. கிழக்காசிய மக்களிடம் பரவலாகக் காணப்படும் ஒரு வடிவம் ஆபிரிக்க மக்களிடம் மிக அரிதாகும். சில அமினோ அமிலங்களின் வேறுபாடு எலிக்கும் மனிதனுக்கும் இடையே ஒரு மருந்தின் தலைவிதியைத் தீர்மானித்தது என்றால், மனிதருக்கிடையிலான வேறுபாடும் பொருட்படுத்தத் தக்கதே. புதிய மருந்துகளின் பரிசோதனைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடைபெறுகின்றன. தெற்காசிய மக்களின் உடலில் அவை எவ்வாறு செயற்படும் என்பதை எமக்காக வேறு எவரும் கண்டறிந்து தரப்போவதில்லை.

எமக்கு இதில் என்ன இருக்கின்றது?

இலங்கையின் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோயாகும். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கமே இதற்குப் பிரதான காரணம். பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் முதலிடம் வகிக்கின்றது. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையின் வாயிலில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து காத்திருப்போரை நாம் காண்கின்றோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற வேறுபாடு அந்த வரிசையில் இல்லை. இந்நோய் இனம், மதம் பார்ப்பதில்லை என்பதை எமது மக்கள் நன்கு அறிவர். 2011ஆம் ஆண்டில் தெற்கே தெவுந்தரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியினால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016ஆம் ஆண்டில் கதீஜா அறக்கட்டளை தொடக்கிவைத்த நிதி திரட்டலுக்கு எல்லாச் சமூகத்தினரும் கொடுத்த பணம் மஹரகமவுக்குப் பெட் ஸ்கேனர் இயந்திரம் கிடைப்பதற்கு வழிவகுத்தது. மக்கள் தமது கடமையைச் செய்திருக்கின்றனர்.

ஆனால் கட்டடமும் இயந்திரமும் மட்டும் போதா. மருந்தும் வேண்டும். பிறபொருளெதிரி மருந்துகளுள் ஒன்றான கீட்ரூடாவின் விலை அமெரிக்காவில் ஓர் ஆண்டுச் சிகிச்சைக்கு ஒன்றரை இலட்சம் டொலரையும் தாண்டுகின்றது. 2023ஆம் ஆண்டில் அதன் உலக விற்பனை 25 பில்லியன் டொலராகும். எமது சாதாரணக் குடும்பங்களுக்கு அத்தகைய சிகிச்சை எட்டாக்கனியே. பிறபொருளெதிரி என்பது உயிர்க்கலங்களில் வளர்த்தெடுக்க வேண்டிய மாபெரும் மூலக்கூறு. அதன் மூலக்கூற்று நிறை சுமார் 1,50,000. அதனைப் பிரதி செய்வதற்கும் பெரும் முதலீடு தேவை. சிறு மூலக்கூறுகளின் நிறையோ பெரும்பாலும் 500 அளவில் அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கும். அவற்றை இரசாயனத் தொழிற்சாலையில் தயாரிக்கலாம். குளிசையாக்கிச் சாதாரண வெப்பநிலையில் வைத்திருக்கலாம். காப்புரிமை நீங்கியவுடன் மற்றவர்களும் குறைந்த விலையில் செய்யலாம். பிறவி நோயெதிர்ப்பைத் தூண்டும் சிறு மூலக்கூறுகள்மீது வறிய நாடுகள் அக்கறை கொள்ள வேண்டியதன் காரணம் இதுவே.

இது வெறும் கற்பனையல்ல. ஒருவகை இரத்தப் புற்றுநோயை அடக்கும் இமாட்டினிப் என்ற சிறு மூலக்கூறு 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இந்தியாவில் அதன் புதிய வடிவமொன்றுக்குக் காப்புரிமை கோரிய நொவார்ட்டிஸின் வழக்கை இந்திய உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி நிராகரித்தது. அக்கம்பனியின் மருந்து மாதமொன்றுக்குச் சுமார் ஒரு இலட்சத்து இருபதாயிரம் இந்திய ரூபா விலையில் இருந்தபோது, இந்தியக் கம்பனிகள் அதே மருந்தைச் சுமார் பத்தாயிரம் ரூபாவுக்கு வழங்கின. ஆய்வுகூடத்தில் பிறக்கும் மருந்து ஏழையின் கைக்கு வந்துசேர்வதைத் தீர்மானிப்பது விஞ்ஞானம் மட்டுமல்ல, சட்டமும் அரசாங்கத்தின் கொள்கையும்தான் என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

இந்த விடயத்தில் இலங்கைக்கு ஒரு பெருமைக்குரிய மரபு உண்டு. பேராசிரியர் சேனக பிபிலேயின் வழிகாட்டலில் 1971ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், மருந்துகளைப் பொதுப் பெயரில் போட்டி விலைக்குக் கொள்வனவு செய்யும் முறையை உலகுக்கே எடுத்துக்காட்டியது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் அமைக்கப்பட்டது. ஆயினும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, நெடுங்காலமாகப் பாவனையிலுள்ள சாதாரண மருந்துகளே வைத்தியசாலைகளில் கிடைக்காமற்போனதை நாம் கண்டோம். பழைய மருந்தையே ஒழுங்காகத் தர முடியாத நிர்வாகம் நாளைய மருந்தை எவ்வாறு பெற்றுத்தரும் என்ற கேள்வி எழுவது இயல்பானதே.

ஆகவே இப்போதே செய்யப்பட வேண்டிய காரியங்கள் சில உள்ளன. புற்றுநோயாளர் பதிவேடு தெல்லிப்பழை, மட்டக்களப்பு உட்பட எல்லாச் சிகிச்சை நிலையங்களிலும் முழுமையாகப் பேணப்பட வேண்டும். கட்டி மாதிரிகளின் பரம்பரை அலகு ஆய்வுக்கான வசதி எமது மருத்துவ பீடங்களில் வளர்க்கப்பட வேண்டும். அப்பொழுதுதான் சர்வதேசப் பரிசோதனைகளில் எமது மக்களும் உரிய பாதுகாப்புடன் பங்கேற்க முடியும். அத்துடன், பொதுச் சுகாதாரத்தின் பொருட்டுக் காப்புரிமையைக் கடந்து மருந்தைப் பெறுவதற்கு 2001ஆம் ஆண்டின் டோஹா பிரகடனம் நாடுகளுக்கு உறுதிசெய்த உரிமையை எந்த வர்த்தக உடன்படிக்கையிலும் விட்டுக்கொடுத்துவிடலாகாது.

வாசகர்களிடமும் நாம் ஒன்றைக் கேட்டுக்கொள்ள விரும்புகின்றோம். நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்ற விளம்பரத்துடன் விற்கப்படும் மாவுக்கும் பாணிக்கும் இங்கு விபரிக்கப்பட்ட ஆய்வுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் கொரோனாவுக்கான பாணி என்று சொல்லப்பட்டதற்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததை நாம் மறக்கவில்லை. நோயெதிர்ப்பு என்பது கூட்டிக்கொண்டே போவதற்கான பொருளல்ல. அதனைச் சரியான இடத்தில் சரியான அளவில் எழுப்புவதற்கே உலகின் தலைசிறந்த ஆய்வாளர்கள் இத்தனை ஆண்டுகளாகத் திணறுகின்றனர். அதனைப் போத்தலில் அடைத்து விற்பதாகச் சொல்பவரை நம்பி, வைத்தியரிடம் செல்வதைப் பிற்போடுபவர் இழப்பது, திரும்பப் பெற முடியாத காலத்தையே ஆகும்.

கோலி தொடங்கிய தேடலுக்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேல் வயதாகிவிட்டது. ஒக்லாந்து மருந்தின் தோல்வியிலிருந்தும் உலகம் கற்றுக்கொண்டது. அடுத்த மருந்து வெற்றிபெறுமா என்பதை இன்று எவராலும் உறுதியாகக் கூற முடியாது. ஆனால் அவ்வாறானதொரு குளிசை வரும் நாளில் அது தெல்லிப்பழையிலும் மட்டக்களப்பிலும் மஹரகமவிலும் வரிசையில் நிற்பவரின் கைக்கு வருமா என்பது எமது ஆட்சியாளரின் கையில் உள்ளது. அவர்களிடம் அதனைக் கேட்டுப் பெறவேண்டிய பொறுப்பு எம்முடையதாகும். அதுவரை, வாயில் ஆறாத புண்ணோ மார்பில் கட்டியோ தென்பட்டால் உடனே வைத்தியரை நாடுவதே எவராலும் பணமின்றிச் செய்யக்கூடிய முதற் காரியமாகும்.